நம்பினால்தான் குணமாகுமா? மனச்சோர்வும் நம்பிக்கைகளும்

2022 ஜூலையில் ஓர் ஆய்வுக் கட்டுரை உலகம் முழுக்கச் செய்தியானது. லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜொவான்னா மொன்க்ரீஃபும் சக ஆய்வாளர்களும், மூளையின் வேதித் தூதுப்பொருள்களில் ஒன்றான செரோடோனின் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுத் தொகுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையில் செரோடோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் பலவும் குறிவைப்பது இந்தச் செரோடோனினைத்தான். அதனால் செய்தி கைமாறக் கைமாற வேறு உருவம் எடுத்தது. "அப்படியென்றால் இத்தனை நாள் சாப்பிட்ட மாத்திரை ஏமாற்றா?" என்று சிலர் கேட்டார்கள். "அப்போதே சொன்னேனே, எல்லாம் மனசுதான், தைரியமாக இருந்தால் சரியாகிவிடும்" என்றார்கள் வேறு சிலர்.

இரண்டுமே அந்தக் கட்டுரை சொன்னதல்ல. ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: மனச்சோர்வு என்பது உடம்பின் கோளாறா, அல்லது ஒருவர் எதை நம்புகிறார் என்பதைப் பொறுத்ததா? இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. நம்பிக்கை இந்த நோய்க்குள் ஒரு வாசல் வழியாக மட்டும் நுழைவதில்லை. ஒவ்வொரு வாசலாகப் பார்க்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

முதல் சொல் மனச்சோர்வு. பேச்சிலும் செய்திகளிலும் இதை "மன அழுத்தம்" என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. அழுத்தம் என்பது வேலைச்சுமை, கடன், சண்டை போன்றவை நம்மீது ஏற்றும் பாரம். பாரம் இறங்கினால் பெரும்பாலும் அதுவும் இறங்கிவிடும். மனச்சோர்வு என்பது ஒரு நோய்நிலை. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு, நாளின் பெரும்பகுதி, மனம் தாழ்ந்து கிடக்கும் அல்லது எதிலும் ஈடுபாடு இல்லாமல் போகும். அதோடு தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம் ஆகியவை கெடுவது, குற்ற உணர்ச்சி, தன்னைத் தாழ்வாக எண்ணுவது, சாவைப் பற்றிய எண்ணம் போன்றவற்றில் பலவும் சேர்ந்து வந்து அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும்போதுதான் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

இரண்டாவது சொல் நம்பிக்கை. இதுதான் உண்மையில் சிக்கலான சொல். தமிழில் இந்த ஒரே சொல் நான்கு பேர் வேலையைச் செய்கிறது. இந்தக் கட்டுரைக்காக அவர்களைத் தனித்தனியாக நிறுத்திக்கொள்வோம்:

1. தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் மனதில் ஊறிப்போன தீர்மானங்கள். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது இந்த வகை.
2. நோயைப் பற்றிய நம்பிக்கைகள். இது என்ன, ஏன் வந்தது, எப்போது போகும் என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பது.
3. சிகிச்சை பலன் தருமா என்ற எதிர்பார்ப்பு.
4. கடவுள், விதி, வாழ்க்கையின் பொருள் பற்றிய சமய நம்பிக்கைகள்.

"நம்பிக்கையோடு இரு" என்று யாராவது சொல்லும்போது இந்த நான்கில் எதைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கேட்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

பெக் தேடியதும் கண்டதும்

1950களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். அவர் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது பிறர்மீது இருக்கும் கோபம் உள்நோக்கித் திரும்பியது என்பதுதான் அந்தப் பள்ளியின் கருத்து. அதை நிரூபிக்கத்தான் அவர் கனவுகளுக்குள் போனார். அங்கே கோபம் கிடைக்கவில்லை. தோற்பது, இழப்பது, ஒதுக்கப்படுவது என்றே கனவுகள் இருந்தன. விழித்திருக்கும்போது நோயாளிகள் பேசியதும் அதே பல்லவிதான்.

மறைந்திருக்கும் கோபத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, கண்ணெதிரே இருக்கும் எண்ணங்களையே அவர் எடுத்துக்கொண்டார். அவை மூன்று திசையில் போவதைக் கண்டார்: தன்னைப் பற்றித் தாழ்வான எண்ணம், உலகத்தைப் பற்றிக் கசப்பான எண்ணம், எதிர்காலத்தைப் பற்றி இருண்ட எண்ணம். இந்த மூன்றுக்கும் அடியில், சிறு வயதிலிருந்து படிந்த சில நம்பிக்கைகள் உறங்கிக் கிடக்கின்றன. ஓர் இழப்போ தோல்வியோ வந்து தட்டும்போது அவை எழுந்துகொள்கின்றன என்பது பெக்கின் விளக்கம். இதிலிருந்துதான் இன்று சிபிடி என்று சொல்லப்படும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சையின் முக்கியமான கிளை வளர்ந்தது.

1978ல் லின் ஏப்ரம்சன், மார்ட்டின் செலிக்மன், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்களும் இதையே வேறு பக்கமிருந்து அணுகினார்கள். கெட்டது நடக்கும்போது அதற்கு என்ன காரணம் சொல்லிக்கொள்கிறோம் என்பதைப் பார்த்தார்கள். ஒரு நேர்முகத் தேர்வில் வேலை கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே நிகழ்ச்சி மூன்று கேள்விகளுக்கு உள்ளாகிறது:

1. காரணம் நானா, வெளியே உள்ள ஒன்றா?
2. அது நிலையானதா, மாறக்கூடியதா?
3. அது என் வாழ்க்கை முழுவதையும் பாதிக்குமா, இந்த ஒரு விஷயத்தை மட்டுமா?

"இந்தத் தடவை நான் சரியாகத் தயார் செய்யவில்லை" என்று சொல்பவரும் தன்னைத்தான் குறைசொல்கிறார். ஆனால் அந்தக் காரணம் அடுத்த தடவை மாறலாம். அது அந்த வேலையோடு நின்றுவிடுகிறது. "நான் ஒரு முட்டாள்" என்பவரோ மூன்று கேள்விகளுக்கும் மிக மோசமான பதிலை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். இப்படிப் பதில் சொல்லும் பழக்கமுள்ளவர்கள் சோர்வில் எளிதாக விழுகிறார்கள் என்பது அந்த மூவரின் கருத்து.

விறகா, புகையா?

சரி, அப்படியென்றால் தவறான நம்பிக்கைகள்தான் மனச்சோர்வை உண்டாக்குகின்றனவா? இங்கேதான் பல விளக்கங்கள் அவசரப்பட்டுவிடுகின்றன.

மனச்சோர்வு வந்தவரிடம் இத்தகைய நம்பிக்கைகள் நிறைய இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் நோய் தணிந்ததும் பெரும்பாலானவர்களிடம் அவை பின்வாங்கிவிடுகின்றன. அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1984ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எண்ணங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டவர்களிடமும், சிபிடி எடுத்துக்கொண்டவர்களிடமும், இந்த எதிர்மறை நம்பிக்கைகள் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைந்திருந்தன. அதாவது, இவை நோயை மூட்டிய விறகு மட்டுமல்ல, நோயிலிருந்து எழும் புகையும்கூட.

ஆனால் வெறும் புகைதான் என்று ஒதுக்கவும் முடியாது. முன்பு மனச்சோர்வு வந்து குணமானவர்களுக்குச் சோகமான இசையைக் கேட்கவைத்தோ, சோகமான வரிகளைப் படிக்கவைத்தோ மனநிலையைச் சற்றுத் தாழ்த்திப் பார்த்திருக்கிறார்கள். நோயே வந்திராதவர்களிடம் அந்தச் சோகம் சோகமாகவே நின்றது. முன்பு நோய் வந்தவர்களிடம் அந்தச் சிறு சோகம் பழைய நம்பிக்கைகளைக் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. இப்படி எளிதில் தூண்டப்படுபவர்களுக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்றும் பின்வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

ஆகவே உறவு ஒரு சுழல். தாழ்ந்த மனநிலை கசப்பான நம்பிக்கைகளை எழுப்புகிறது. அவை ஆளை முடக்குகின்றன. முடங்கியவருக்கு நல்லது எதுவும் நடப்பதில்லை. "பார், நான் நினைத்தது சரிதான்" என்று நம்பிக்கை இறுகுகிறது. இந்தச் சுழலை எங்கே தொட்டாலும் சுற்று தளரும் என்பதுதான் சிகிச்சையைப் பொறுத்தவரை நல்ல செய்தி. மாத்திரை ஓரிடத்தில் தொடுகிறது, பேச்சுச் சிகிச்சை இன்னோர் இடத்தில்.

மாத்திரை தொடும் இடம் எது என்பது பற்றி ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கேத்தரின் ஹார்மர் குழுவின் ஆய்வுகள் சுவையானவை. மனச்சோர்வு மருந்து மனநிலையை உயர்த்த வாரக்கணக்கில் ஆகிறது. ஆனால் முதல் சில நாள்களிலேயே, சில ஆய்வுகளில் ஒரே ஒரு வேளை மருந்துக்குப் பிறகே, மகிழ்ச்சியான முகங்களை அடையாளம் காண்பது மேம்படுவது போன்ற சிறு மாற்றங்கள் தெரிகின்றன. மருந்து நம்பிக்கையை நேராக மாற்றவில்லை. அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த தகவல்களின் சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்துகிறது. அதன்பின் மனம் புதிய கணக்குக்கு வந்துசேர நாளாகிறது. இது இன்னும் ஒரு விளக்கம்தான், தீர்ப்பல்ல. ஆனால் வேதிப்பொருளும் நம்பிக்கையும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல என்று காட்ட இது போதும்.

ஓர் இடைக்குறிப்பு: சோர்ந்த மனம்தான் உலகத்தை உள்ளபடி பார்க்கிறது, மற்றவர்கள் கனவில் மிதக்கிறார்கள் என்று ஒரு கருத்து உலவுகிறது. 1979ல் நடந்த ஒரு சோதனைதான் அதற்கு வேர்: ஒரு பொத்தானை அழுத்துவதற்கும் விளக்கு எரிவதற்கும் எவ்வளவு தொடர்பு என்று கணிப்பதில் சோர்ந்த மாணவர்கள் துல்லியமாக இருந்தார்கள். 2022ல் கூடுதல் பேரை வைத்து மீண்டும் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. கேட்க அழகான கருத்துதான். அதன்மீது பாரம் ஏற்ற முடியாது.

"இது மூளையில் ரசாயனக் குறைபாடு"

இரண்டாவது வகைக்கு வருவோம். எந்த நோய் வந்தாலும் மனிதர்கள் ஐந்து கேள்விகளுக்கு உள்ளுக்குள் பதில் வைத்திருக்கிறார்கள் என்று ஹோவர்ட் லெவென்தால் என்ற உளவியலாளர் விளக்கினார்: இதற்குப் பெயர் என்ன, எதனால் வந்தது, எத்தனை நாள் இருக்கும், என்னை என்ன செய்யும், கட்டுப்படுத்த முடியுமா? டாக்டர் சொல்வதைவிட இந்தப் பதில்கள்தான் ஒருவர் சிகிச்சைக்குப் போவாரா, தொடர்வாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

மனச்சோர்வைப் பொறுத்தவரை, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மக்களிடம் மிக ஆழமாகப் பதிந்த பதில் "ரசாயனக் குறைபாடு". அது எங்கிருந்து வந்தது? 1950களில் காசநோய்க்குத் தரப்பட்ட இப்ரோனியசிட் என்ற மருந்து நோயாளிகளின் மனநிலையை உயர்த்துவது தற்செயலாகத் தெரிந்தது. அது மூளையில் சில வேதித் தூதுப்பொருள்களின் அளவைக் கூட்டுவதும் தெரிந்தது. அப்படியானால் நோய்க்குக் காரணம் அவற்றின் குறைவுதானோ என்ற ஊகம் 1960களில் பிறந்தது. 1987 இறுதியில் செரோடோனினைக் குறிவைக்கும் ஃப்ளூஆக்சடின் என்ற மனச்சோர்வு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு, விளம்பரங்கள் வழியாக அந்த ஊகம் பாடம்போலப் பரவியது.

தர்க்கத்தில் ஓட்டை இருப்பதைக் கவனியுங்கள். ஈரத்துணி போட்டால் காய்ச்சல் தணிகிறது. அதனால் காய்ச்சலுக்குக் காரணம் ஈரத்துணிக் குறைபாடு என்று யாரும் சொல்வதில்லை. அதே தர்க்கம் மறுபக்கமும் பொருந்தும்: காய்ச்சலுக்குக் காரணம் துணிக் குறைபாடு அல்ல என்று கண்டுபிடித்துவிட்டால், துணி தணிக்கவில்லை என்று ஆகிவிடாது. 2022 செய்தியைப் படித்தவர்கள் தவறவிட்டது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

இருந்தாலும், "உடம்புக் கோளாறு" என்று நம்புவது நோயாளிக்கு நல்லதுதானே, பழி குறையுமே என்று தோன்றும். மனநல அமைப்புகள் பலவும் அப்படித்தான் நினைத்துப் பிரசாரம் செய்தன. ஆய்வுகள் காட்டுவது கலவையான பலன். மூளை, மரபணு என்று விளக்கும்போது "நீதான் காரணம்" என்ற பழி குறைகிறது. ஆனால் "இது போகாது" என்ற எண்ணம் கூடுகிறது. பிறரும் சற்றுத் தள்ளி நிற்க விரும்புகிறார்கள்.

2014ல் வெளியான ஒரு சோதனை இதைத் தெளிவாக்கியது. முன்பு மனச்சோர்வு வந்திருந்த மாணவர்களின் கன்னத்தின் உட்புறத்தில் மாதிரி எடுத்து, ஒரு பரிசோதனை செய்வதுபோல நடித்தார்கள். ஒரு பிரிவினரிடம், "உங்களுக்கு வந்தது ரசாயனக் குறைபாட்டால்தான்" என்று முடிவு சொல்லப்பட்டது. மற்றவர்களிடம் அது காரணமல்ல என்று சொல்லப்பட்டது. முதல் பிரிவினரின் குற்ற உணர்ச்சி குறையவே இல்லை. குணமாவோம் என்ற நம்பிக்கைதான் குறைந்தது. தன் மனநிலையைத் தானே சற்றேனும் சரிசெய்ய முடியும் என்ற எண்ணமும் தளர்ந்தது. பேச்சுச் சிகிச்சையைவிட மாத்திரைதான் பொருத்தம் என்று அவர்களுக்குத் தோன்றியது. ஒரே ஒரு வாக்கியம் செய்த வேலை இது.

இதற்கு மாற்று என்ன? "எல்லாம் மனசுதான்" என்ற மறுகோடி இல்லை. அது பழியை மறுபடி நோயாளியின் தலையில் வைக்கிறது. மரபணுவும் மூளையும் பங்கு வகிக்கின்றன, ஆனால் அவை கல்லில் செதுக்கியவை அல்ல, அனுபவமும் சிகிச்சையும் அவற்றின் இயக்கத்தை மாற்றுகின்றன என்று சேர்த்துச் சொன்னால், அவநம்பிக்கை குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. டாக்டர்களுக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் மருந்துச் சீட்டைப்போலவே முக்கியம் என்பது என் கருத்து.

மாத்திரையும் எதிர்பார்ப்பும்

இப்போது தலைப்புக் கேள்வி. 2018ல் ஆண்ட்ரியா சிப்ரியானி என்ற மனநல மருத்துவரின் குழு, மனச்சோர்வு மருந்துகள் பற்றிய 522 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. 21 மருந்துகள், 1,16,477 நோயாளிகள். 21ம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அதிகப் பலன் தந்தன. ஆனால் சராசரி வித்தியாசம் பெரிதல்ல. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் கணிசமாகத் தேறியிருந்தார்கள் என்பதே இதற்குக் காரணம்.

வெற்று மாத்திரையில் தேறுவது என்றால் எல்லாமே நம்பிக்கையின் வேலை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன:

1. காலம். மனச்சோர்வு பலருக்குத் தானாகவே தணியும். மிக மோசமாக இருக்கும்போதுதான் ஆய்வில் சேர்கிறார்கள். அங்கிருந்து நகர்ந்தாலே ஏற்றம்தான்.
2. கவனிப்பு. வாராவாரம் ஒருவர் உட்கார்ந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். தனிமையில் கிடந்தவருக்கு அது சிறிய விஷயமல்ல.
3. எதிர்பார்ப்பு. வெற்று மாத்திரைப் பிரிவே இல்லாமல், இரண்டு மருந்துகளை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகளில், அதே மருந்துகளால் தேறுவோர் விகிதம் கூடுகிறது. கையில் இருப்பது மருந்துதான் என்ற உறுதி தரும் கூடுதல் பலன் இது.

ஆக, நம்பினால்தான் மாத்திரை வேலை செய்யுமா என்றால், இல்லை. நம்பாதவர்களுக்கும் வேலை செய்கிறது. நம்பினால் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறது.

எதிர்பார்ப்பு எதிர்த்திசையிலும் போகும். இதை நோசிபோ என்கிறார்கள். ட்ரைசைக்ளிக் எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மருந்துகளுக்கு வாய் உலர்தல், மலச்சிக்கல் போன்ற பக்கவிளைவுகள் அதிகம். புதிய மருந்துகளுக்கு அவை குறைவு. பழைய மருந்தின் சோதனையில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள், புதிய மருந்தின் சோதனையில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம் பக்கவிளைவுகளைச் சொன்னார்கள்! இருவர் வாயிலும் போனது மருந்தே இல்லாத மாத்திரைதான். எச்சரிக்கைப் பட்டியல்தான் வேறு.

மாத்திரையை இடையில் நிறுத்துவது ஏன்?

மருந்தைப் பற்றிய நம்பிக்கைகளை ராப் ஹார்ன் என்ற ஆய்வாளர் ஒரு தராசாக வைத்துப் பார்த்தார். ஒரு தட்டில் "இது எனக்குத் தேவையா", மறுதட்டில் "இது எனக்குக் கெடுதல் செய்யுமா". தேவைத் தட்டு கனத்தால் தொடர்கிறார்கள். பயத்தட்டு கனத்தால் விட்டுவிடுகிறார்கள். சொன்னால் எளிதாக இருக்கிறது, ஆனால் மனச்சோர்வு மருந்துகளில் ஒரு கூடுதல் வில்லங்கம் உண்டு. குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். நஷ்டம் முன்னால், லாபம் பின்னால். "எதுவும் எனக்கு உதவாது" என்று ஏற்கனவே நம்பிக்கொண்டிருப்பவருக்கு முதல் வாரம் சரியான சாட்சி சொல்லிவிடுகிறது.

அடிக்கடி கேட்கும் மூன்று நம்பிக்கைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

"அடிமையாகிவிடுவோம்": போதைப்பொருள்போல ஏக்கமோ, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் வெறியோ இந்த மருந்துகளில் வருவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, தூக்கமின்மை ஆகியவை வரலாம். சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கும். இதை முன்பு டாக்டர்கள் லேசாக எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே பயத்தில் ஒரு பாதி நியாயமானது. படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே அதற்கு வழி.

"சரியாகிவிட்டது, இனி எதற்கு?": தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். அதற்குள் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

"மாத்திரை என்னை வேறு ஆளாக்கிவிடும்": சிலருக்கு உணர்ச்சிகள் மரத்துப்போவது உண்மையிலேயே நடக்கிறது. மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்க்க இது போதுமான காரணம். சொல்லாமல் நிறுத்துவதற்கு அல்ல.

கடவுள் நம்பிக்கை

சமய நம்பிக்கை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வராது என்ற பேச்சுக்கும், சமயம்தான் குற்ற உணர்ச்சியை வளர்க்கிறது என்ற பேச்சுக்கும் 2003ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு நிதானமான பதில் தருகிறது. 147 ஆய்வுகள், ஏறத்தாழ 99,000 பேர். சமய ஈடுபாடு கூடக்கூட சோர்வின் அறிகுறிகள் குறைகின்றன, ஆனால் தொடர்பு மிகச் சிறியது: முழுத் தொடர்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாழ்க்கையில் பெரிய நெருக்கடியில் இருந்தவர்களிடம் சற்று வலுவாக இருந்தது.

நம்பிக்கை இருக்கிறதா என்பதைவிட, அது எந்த முகத்தோடு இருக்கிறது என்பதே முக்கியம். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் இதை இரண்டாகப் பிரித்தார். துன்பத்தில் கடவுள் துணை நிற்கிறார், இதற்கும் ஏதோ பொருள் உண்டு என்று கருதுவது ஒரு வகை. கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று கருதுவது மறுவகை. இரண்டாம் வகையினரிடம் சோர்வு அதிகம் காணப்படுகிறது. "நோய் வந்ததே என் பக்தி போதாததால்தான்" என்ற எண்ணம், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதற்குச் சமய உடை போர்த்தியது அல்லாமல் வேறென்ன?

சிகிச்சையில் இதை எப்படிக் கையாள்வது? சமய நூல்களையும் நம்பிக்கைகளையும் சேர்த்துக்கொண்ட சிபிடி, வழக்கமான சிபிடி அளவுக்குப் பலன் தருகிறது. ஆழ்ந்த சமயப் பற்று உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக உதவலாம். 1992ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், சமயம் சார்ந்த சிபிடியைச் சமயப் பற்றில்லாத சிகிச்சையாளர்கள் தந்தபோதும் நல்ல பலன் கிடைத்தது. ஆகவே டாக்டரின் நம்பிக்கையும் உங்கள் நம்பிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்களுடையதை அவர் ஏளனம் செய்யாமல் இருந்தால் போதும். வழிபாடும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஒன்றை விட்டால்தான் மற்றது என்று யார் சொன்னாலும், அவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், அங்கே கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

நம்பிக்கை முதலில் மாற வேண்டுமா?

இந்தப் பகுதிதான் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. எண்ணம் மாறினால் மனம் மாறும், மனம் மாறினால் செயல் மாறும் என்ற வரிசையை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். 1996ல் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளர் இந்த வரிசையைச் சோதித்தார். மனச்சோர்வு உள்ள ஏறத்தாழ 150 பேரை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு முழுமையான சிபிடி. இன்னொரு பிரிவுக்கு அன்றாட எண்ணங்களைத் திருத்தும் பகுதி வரை. மூன்றாம் பிரிவுக்கு எண்ணங்களைத் தொடவே இல்லை. விட்டுப்போன வேலைகளை, மனிதர்களை, சிறு இன்பங்களை அட்டவணை போட்டு மீண்டும் தொடங்கவைப்பது மட்டும். மூன்று பிரிவும் ஒரே அளவுக்குத் தேறின. எண்ணங்களைத் தொடாத பிரிவிலும் எண்ணங்கள் மாறியிருந்தன.

இந்த மூன்றாவது முறை இன்று செயல் தூண்டல் சிகிச்சை என்ற பெயரில் தனியாக நிற்கிறது. 2016ல் இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடந்த ஆய்வில், குறைந்த பயிற்சி பெற்ற ஊழியர்கள் தந்த செயல் தூண்டல், தேர்ந்த சிகிச்சையாளர்கள் தந்த சிபிடிக்குச் சளைக்கவில்லை.

இதன் பொருள் நம்பிக்கைகளுக்கு வேலையில்லை என்பதல்ல. நம்பிக்கை வாதத்தால் மாறுவதைவிட அனுபவத்தால் எளிதாக மாறுகிறது என்பதே. சிபிடியும் நன்றாகச் செய்யப்படும்போது வாதமல்ல. "நண்பனுக்குப் போன் செய்தால் எரிச்சல்படுவான்" என்று ஒருவர் சொன்னால், நல்ல சிகிச்சையாளர் "அப்படியெல்லாம் இல்லை" என்று மறுப்பதில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்வார். செய்துபார்க்கச் சொல்வார். அப்புறம் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் வைப்பார். நம்பிக்கை தீர்ப்பிலிருந்து ஊகமாக இறங்குகிறது, ஊகத்தைச் சோதிக்கலாம்.

இந்தப் பயிற்சி கையில் நிற்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2005ல் வெளியான ஓர் ஆய்வில், சிபிடியால் தேறிச் சிகிச்சையை முடித்துக்கொண்டவர்களில் ஓராண்டுக்குள் சுமார் 31% பேருக்கு நோய் திரும்பியது. மருந்தால் தேறி மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 76%. மருந்தைத் தொடர்ந்தவர்களில் சுமார் 47%.

இன்னொரு நம்பிக்கையும் கண்ணில் படாமல் வேலை செய்கிறது: "திரும்பத் திரும்ப யோசித்தால் விடை கிடைக்கும்." நடந்ததையே மனம் அசைபோடுவது சோர்வை நீட்டிக்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் 1990களிலிருந்து காட்டிவந்தார். அசைபோடுபவர் அதைப் பிரச்சினையைத் தீர்க்கும் வேலை என்றே நம்புகிறார்; கொஞ்ச நாளில், "இதை என்னால் நிறுத்தவே முடியாது" என்றும் நம்பத் தொடங்குகிறார். ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர் வகுத்த சிகிச்சை முறை குறிவைப்பது எண்ணங்களை அல்ல, எண்ணிக்கொண்டிருப்பதைப் பற்றிய இந்த இரண்டு நம்பிக்கைகளை. சோர்வு மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்குத் தரப்படும் விழிப்புநிலைப் பயிற்சியும் ஏறத்தாழ இதே இடத்தில் நிற்கிறது: எண்ணத்தோடு சண்டை போடாமல், அது எண்ணம்தான் என்று பார்க்கப் பழகுவது.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

இதுவரை சொன்னதிலிருந்து சில நடைமுறை விஷயங்கள் தானாகக் கிடைக்கின்றன.

1. "எந்தச் சிகிச்சையும் எனக்கு உதவாது" என்பது நோயாளியின் கருத்து மட்டுமல்ல, காய்ச்சலில் உடம்பு சுடுவதுபோல ஓர் அறிகுறி. அதோடு வாதாடி ஜெயிக்க வேண்டியதில்லை. நம்பாமலே சிகிச்சையைத் தொடங்கலாம். "நம்பிக்கை வந்ததும் போகலாம்" என்று காத்திருந்தால் வராமலே போகலாம்.
2. "தைரியமாக இரு", "நல்லதையே நினை" என்ற சொற்கள் அன்பில் வருபவைதான். முடியாதவர் காதில் அவை "முடியாதது உன் தப்பு" என்று விழுகின்றன. "வா, வாசல் வரை நடந்துவிட்டு வரலாம்" என்பது அவற்றைவிட உதவும்.
3. முதல் மருந்து பலன் தராதது சிகிச்சையின் தோல்வி அல்ல. முதல் மருந்திலேயே முழுமையாகக் குணமாகிறவர்கள் சிறுபான்மைதான். இதை முதல் நாளே சொல்லிவிட்டால், இரண்டாவது மருந்துக்கு மாறும்போது மனம் உடையாது.

நான்காவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெக் 1985ல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரைப் பத்தாண்டுவரை பின்தொடர்ந்தார். யார் பின்னால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்பதோடு, சோர்வின் கடுமையைவிட நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது எதிர்காலத்தில் எதுவுமே மாறாது என்ற நம்பிக்கையின்மை. அந்த உணர்வும் நோய் தணியும்போது தணிகிறது. உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. ஆகவே ஒருவர் "இனி எதுவும் மாறாது", "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்று பேசினால், சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை; கேட்கப்பட்டவர்களில் பலருக்கு ஆறுதல்தான் கிடைத்திருக்கிறது. ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே ஒரு டாக்டரிடமோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ கூட்டிச் செல்ல வேண்டும்.